பின்விளக்கு இல்லாத டிரெய்லரும் முதல் தகவல் அறிக்கையின் முதல் வரியும்

கூலித் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற டிராக்டர் மீது லாரி மோதியது என்று தொடங்கும் செய்திகளை நடவுக் காலத்திலும் கரும்பு வெட்டுக் காலத்திலும் நாம் தவறாமல் படிக்கிறோம். அடுத்த பத்தியில் இறந்தவர்களின் பெயரும் வயதும் இருக்கும். அதற்கடுத்து அரசின் இரங்கலும் நிவாரணத் தொகையும் வரும். இறுதியில், டிராக்டரின் பின்புறம் விளக்கு எரியவில்லை என முதற்கட்ட விசாரணையில் தெரியவந்ததாக ஒரு வரி இருக்கும். அந்தக் கடைசி வரியை வாசகர்கள் கடந்துவிடுகிறார்கள். இறந்தவரின் குடும்பம் அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்த வரியோடுதான் வாழ வேண்டியிருக்கிறது.

டிராக்டர் டிரெய்லரிலும், லோடு ஆட்டோவிலும், குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டியிலும் வேலைக்குச் செல்பவர்கள் யார் என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணியாச்சி அருகே வயல் வேலைக்குச் சென்ற பெண்களை ஏற்றிய சரக்கு வண்டி கவிழ்ந்து ஐந்து பெண்கள் இறந்தனர். 2018 ஏப்ரலில் தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில் டிராக்டர் கால்வாயில் பாய்ந்ததில் லம்பாடிப் பழங்குடியினரான ஒன்பது விவசாயக் கூலிகள் மாண்டனர். நிலமற்றவர்களே அடுத்த ஊர் நிலத்துக்குப் பயணம் செய்கிறார்கள். வண்டியை மேஸ்திரியோ நிலவுடைமையாளரோ அனுப்புகிறார். ஆனால் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கை இறந்தவர்களை வயது, பாலினம், வாகனம், சாலை வகை என்றெல்லாம் பிரிக்கிறதே தவிர, சாதியால் பிரிப்பதில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இவர்களுள் தலித்துகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எந்த அரசு ஏட்டிலும் விடையில்லை.

விபத்து என்ற சொல் தற்செயலைச் சுட்டுகிறது. கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. முன்னே 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர் நொடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறது. ஆக, இரண்டுக்கும் இடையிலான தூரம் நொடிக்கு 22 மீட்டர் குறைகிறது. தாழ்த்திய முகப்பு விளக்கில் இருண்ட டிரெய்லர் 60 மீட்டரில்தான் தெரிகிறது என்று கொள்வோம். கார் ஓட்டுநருக்குக் கிடைப்பது மூன்று நொடிக்கும் குறைவு. தடையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே 2.5 நொடி ஆகும் என்பது இந்தியச் சாலைப் பேரவை தன் வடிவமைப்பு விதிகளில் ஏற்றுக்கொண்டுள்ள அளவு. நிலையாக நிற்கும் தடையின் முன் 100 கிலோமீட்டர் வேகத்தில் பாதுகாப்பாக நிறுத்த 180 மீட்டர் பார்வைத் தூரம் தேவை என்பதும் அதே பேரவையின் கணக்கு. டிரெய்லரின் பின்னே இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர் 200 மீட்டரிலேயே மின்னினால் ஒன்பது நொடி கிடைக்கும். சில நூறு ரூபாய்ப் பொருள் தரும் ஆறு நொடி அது.

இதை உலகம் அறிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக வேளாண் பொறியாளர் கென் ஹார்க்னெஸ், பண்ணை டிராக்டர்கள் பின்னாலிருந்து மோதப்படுவதை ஆராய்ந்து, 1960களின் தொடக்கத்தில் மெதுவாகச் செல்லும் வாகனங்களுக்கான முக்கோணச் சின்னத்தை வடிவமைத்தார். நடுவே ஒளிரும் செம்மஞ்சள், விளிம்பில் இரவில் மின்னும் சிவப்பு. முன்னே செல்வது மெதுவான வண்டி என்ற செய்தியை ஓட்டுநருக்கு ஒரே பார்வையில் சொல்வதே அதன் பணி. நம் நாட்டிலும் சட்டம் வெறுமையாக இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 104ஆம் விதி, டிரெய்லர் உட்பட மோட்டார் வாகனங்களின் பின்புறம் இருபக்கமும் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்கிறது. 105ஆம் விதி இருளில் விளக்கெரிய வேண்டும் என்கிறது. டிராக்டரும் டிரெய்லரும் சட்டத்தின் பார்வையில் இரண்டு தனித்தனி வாகனங்கள். நடைமுறையில், டிராக்டருக்கு எண் பலகையும் காப்பீடும் இருக்கும். உள்ளூர்ப் பட்டறையில் செய்த டிரெய்லருக்குப் பதிவும் இராது, காப்பீடும் இராது, பின்விளக்கும் இராது. அந்த டிரெய்லரில்தான் மனிதர்கள் அமர்கிறார்கள்.

வண்டியின் உரிமையாளர் ரிஃப்ளெக்டர் பொருத்தவில்லை. போக்குவரத்து அலுவலர் அதைக் கேட்கவில்லை. டிரெய்லரில் ஏறிய பெண்ணுக்கு இவ்விரண்டிலும் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் முதலில் எழுப்பும் வாதம், சரக்கு ஏற்றும் வண்டியில் அவர் ஏன் ஏறினார் என்பதுதான்.

இந்த வாதம் எதில் செல்லும், எதில் செல்லாது என்பதைப் பிரித்தறிவது முக்கியம். தொழிலாளர் சென்ற டிராக்டரின் காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை சட்டம் நமக்குச் சாதகமாக இல்லை. சரக்கு வாகனத்தில் கட்டணமின்றிச் சென்ற பயணிக்குக் காப்பீட்டாளர் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. டிரெய்லரில் சென்ற கூலித் தொழிலாளி தொடர்பான பிரிஜ் மோகன் வழக்கிலும் (2007) அதே நிலைப்பாட்டை எடுத்தது. எனினும் அவர் ஏழை என்பதைக் கருதி, அரசமைப்பின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி, நிறுவனம் முதலில் தொகையைக் கொடுத்துவிட்டுப் பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. கருணையாக வந்த அந்த வழியைத் தீர்ப்பாயங்களில் உரிமைபோல வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

வேறொரு வாகனம் வந்து மோதிய வழக்கின் கதை முற்றிலும் வேறு. இங்கே சட்டம் இரு கருத்துகளைப் பிரிக்கிறது. பாதிக்கப்பட்டவரே தம் கவனக்குறைவால் விபத்துக்குக் காரணமானால் அது பங்களிப்புக் கவனக்குறைவு. அந்த அளவுக்கு இழப்பீடு குறையும். வேறு இருவரின் கவனக்குறைவு சேர்ந்து மூன்றாமவரைப் பாதித்தால் அது கூட்டுக் கவனக்குறைவு. இழப்பீடு ஒரு ரூபாயும் குறையாது. டிரெய்லரில் அமர்ந்திருந்தவர் வண்டி ஓட்டவில்லை. எனவே லாரி ஓட்டுநர் மீது பாதி, டிராக்டர் ஓட்டுநர் மீது பாதி எனப் பிழை பகிரப்பட்டாலும், அமர்ந்திருந்தவரைப் பொறுத்தவரை அது கூட்டுக் கவனக்குறைவே. அத்தகைய நிலையில் முழுத் தொகையையும் இருவருள் எவரிடமிருந்தும் பெறலாம் என்று கென்யேய் வழக்கில் (2015) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. லாரிக்குக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனமே முழுவதையும் தர வேண்டும். டிராக்டர் உரிமையாளரிடம் அது பிறகு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

தொகையில் இது எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்று பார்ப்போம். 38 வயதுப் பெண் தொழிலாளி, நான்கு பேர் அவரைச் சார்ந்திருந்தனர், மாத வருமானம் 12,000 ரூபாய் எனத் தீர்ப்பாயம் ஏற்றதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 1,44,000. பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017) எதிர்கால வருமான உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 2,01,600. சரளா வர்மா தீர்ப்பின்படி (2009) அவரது சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 1,51,200. அந்த வயதுக்குரிய பெருக்கி 15. மொத்தம் 22,68,000 ரூபாய். டிராக்டரில் விளக்கில்லை என்ற ஒரே வரியைக் காட்டி லாரியின் காப்பீட்டாளரின் பொறுப்பைப் பாதியாகச் சுருக்கினால் 11,34,000. மீதியை டிராக்டர் உரிமையாளரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். அவரோ ஊரின் நிலவுடைமையாளர்; நாளைக்கும் வேலை தர வேண்டியவர். அவருக்கு எதிராக ஆணையை நிறைவேற்ற எந்தக் குடும்பம் நீதிமன்றம் ஏறும்? அதே பெண்ணின் வருமானத்தை 6,000 ரூபாய் என்று குறைத்தெழுதினால் முழுத்தொகையே பாதியாகிவிடும் என்பதும் இதே கணக்கில் தெரியும். பெண்களின் தொழில் என்னும் கட்டத்தில் ‘வீட்டு வேலை’ என்று எழுதிக் கடந்துபோவது காவல் நிலையங்களில் சர்வசாதாரணம். நாற்று நடுபவர், கரும்பு வெட்டுபவர், சூளையில் கல் அறுப்பவர் என்று எழுதவைப்பது அற்பமான வேலை அல்ல.

விதியை மீறிப் பயணம் செய்ததாலேயே ஒருவர் விபத்துக்குப் பங்களித்தவர் ஆகிவிடுவாரா என்ற கேள்விக்கும் விடை உண்டு. ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் சென்ற முகமது சித்திக் வழக்கில் (2020), அந்த விதிமீறலுக்கும் விபத்துக்கும் காரணத் தொடர்பு காட்டப்படாத வரை அதைப் பங்களிப்புக் கவனக்குறைவாகக் கொள்ள முடியாது என்றது உச்ச நீதிமன்றம். டிரெய்லரில் பத்துப் பெண்கள் இருந்ததால் லாரி வந்து மோதவில்லை. இந்தத் தீர்ப்பை நம் வழக்கறிஞர்கள் இன்னும் அடிக்கடி எடுத்துக்காட்டலாம் என்பது நம் எண்ணம்.

இவ்வளவு தீர்ப்புகளும் இருக்க, குடும்பங்கள் ஏன் தோற்கின்றன? தீர்ப்பாயத்துக்கு வந்து சேரும் உண்மைகள் முதல் இரண்டு நாள்களில் காவல் நிலையத்தில் எழுதப்பட்டுவிடுகின்றன என்பதால். உயிரிழப்பு விபத்தில் முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், இடத்தின் மாதிரி வரைபடம், பிரேத விசாரணை அறிக்கை, உடற்கூறாய்வு, மக்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் சான்று ஆகியவை தயாராகின்றன. மோதிய லாரியின் பிரேக், அது விட்ட டயர்த் தடம், தடத்தின் நீளம், சிதறிய கண்ணாடி கிடந்த இடம், டிரெய்லரில் ரிஃப்ளெக்டர் இருந்ததா உடைந்ததா, தெருவிளக்கு எரிந்ததா என்பவற்றை அளந்து எழுத வேண்டும். போக்குவரத்தைச் சரிசெய்யும் அவசரத்தில் கிரேன் முதலில் வருகிறது. அளவு நாடா பிறகு வருகிறது. ‘பின்விளக்கு எரியவில்லை’ என்று எழுதப்படும்போது, அது மோதலில் நொறுங்கியதால் எரியவில்லையா, முன்பே எரியவில்லையா என்று கேட்பவர் இல்லை. வாகனங்கள் கிடந்த நிலையைக் காட்டும் மகஜரை மட்டும் வைத்துப் பிழையைத் தீர்மானிக்கக் கூடாது என்று ஜிஜு குருவிலா வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் கூறியிருந்தும், மகஜருக்கு எதிராக வேறு சான்று இல்லாத வழக்கில் அது பயன்தருவது கடினம்.

இதைவிடக் கொடியது ஒன்று. டிராக்டர் ஓட்டுநரும் இறந்துவிட்டால், அவரையே எதிரியாகக் காட்டி, எதிரி இறந்துவிட்டதால் வழக்கு அற்றுப்போனதாக அறிக்கை அளித்து முடித்துவிட வழியுண்டு. அந்த ஓட்டுநரும் பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்த சேரி இளைஞரே. லாரியின் வேகத்தை அதன்பின் எந்த நீதிமன்றமும் விசாரிக்காது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இரண்டாண்டு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் ஐந்தாண்டு வரை தண்டனை. மோதிவிட்டு ஓடுபவருக்குப் பத்தாண்டு என்ற 106(2) பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் போராடியதைத் தொடர்ந்து நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. தண்டனையை உயர்த்துவதால் மட்டும் விசாரணை மேம்படும் என்று நாம் நம்பவில்லை. லாரி ஓட்டுநரும் பல நாள் உறக்கமின்றி ஓட்டவைக்கப்படும் கூலிதான்.

தலித் ஒருவரின் உடல் சாலையோரத்தில் கிடந்தால் அது விபத்தா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டியும் உள்ளது. 2015இல் தண்டவாளத்தில் தற்கொலைபோலக் காட்டப்பட்ட கோகுல்ராஜின் மரணம் கொலை என்று 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நாம் மறக்கவில்லை. தடயத்தை அளந்து எழுதும் பழக்கம் இரண்டு வகை வழக்குக்கும் பொது.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் காவல்துறைக்குக் காலக்கெடு விதித்துள்ளன. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 150ஏ விதிப்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். பத்து நாள்களுக்குள் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் உரிமைகளை விளக்கும் இரண்டாம் படிவத்தை அவர்களிடம் தர வேண்டும். 50 நாள்களில் இடைக்கால அறிக்கை, 90 நாள்களில் விரிவான விபத்து அறிக்கை. இந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் ஏற்க வேண்டும் என்பது சட்டம். 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயமாக நடைமுறைப்படுத்தவும், விபத்து இழப்பீட்டு விசாரணைக்குக் காவல்துறையில் தனிப்பிரிவு அமைக்கவும் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஓர் உயிரிழப்பு நிகழ்ந்த கிராமத்துக்கு நாம் செல்லும்போது முதலில் கேட்க வேண்டியது, இரண்டாம் படிவம் கைக்கு வந்ததா என்பதே. வரவில்லை என்றால் காவல் கண்காணிப்பாளருக்கும் தீர்ப்பாயத்துக்கும் அன்றே எழுதலாம்.

பணம் தொடர்பாகச் சில கண்ணிகள் உள்ளன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, யார் பிழை என்று நிரூபிக்காமலேயே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் தருகிறது. துயரில் இருக்கும் குடும்பத்துக்கு இது பெருந்தொகையாகத் தோன்றும். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு அற்றுப்போகும் என்று 166ஆம் பிரிவு சொல்கிறது. மேலே நாம் கண்ட 22 லட்சத்தை நினைவில் கொண்டு முடிவெடுக்க வேண்டும். மோதிய வண்டி எது என்றே தெரியாத வழக்கில் 161ஆம் பிரிவின்கீழ் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. 2022க்கு முன் இது முறையே 25,000, 12,500 ரூபாயாக இருந்தது. கோவை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், ஒரு மாதத்துக்குள் வண்டி அடையாளம் தெரியாவிட்டால் இத்திட்டத்தைப் பற்றிக் காவல்துறையே குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது. இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் காலவரம்பு 166(3) பிரிவில் மீண்டும் நுழைக்கப்பட்டுள்ளது. அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. அந்த வழக்கை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். வேலைக்கு அழைத்துச் சென்றவர் மீது ஊழியர் இழப்பீட்டுச் சட்டவழியிலும் கோரலாம். ஆனால் 167ஆம் பிரிவின்படி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். காயம்பட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தைப் பலர் அறிவார்கள்.

இனி சாலைக்கு வருவோம். 2018 ஏப்ரலில் ஒன்றிய அரசு விரைவுச்சாலைகளில் கார்களின் வேக வரம்பை 120ஆகவும், நான்குவழிச் சாலைகளில் 100ஆகவும் உயர்த்தியது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், வேகமே உயிரிழப்புக்கு முதன்மைக் காரணம் எனக் கூறி அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. சாலையில் அதன் விளைவை நாம் காணவில்லை. இத்தகைய சாலைகளை அமைக்கும்போது ஊருக்கும் சேரிக்கும் நடுவிலும், சேரிக்கும் வயலுக்கும் நடுவிலும் சுவர்போல நடுத்திட்டு எழுகிறது. திரும்புவதற்கான இடைவெளி பெரும்பாலும் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால். அணுகுசாலை பாதியில் நின்றுவிடும். எதிர்த்திசையில் வந்த டிராக்டர் என்று முதல் தகவல் அறிக்கை குற்றம் சாட்டுவது, நான்கு கிலோமீட்டர் சுற்றுவதைத் தவிர்த்த ஒரு ஓட்டுநரை.

மெதுவான வண்டிகளை அகற்றிவிடுவதே தீர்வு என்று நெடுஞ்சாலைத் துறை கருதுகிறது. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் டிராக்டர், இருசக்கர வாகனம், ஆட்டோ, மோட்டார் பொருத்தாத வண்டிகள் தடைசெய்யப்பட்டன. அதிவேகச் சாலையில் இது உயிரைக் காக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தடை நியாயமாவது, விலக்கப்பட்டவர்களுக்குத் தொடர்ச்சியான, விளக்குள்ள, மழையில் மூழ்காத அணுகுசாலை இருக்கும்போது மட்டுமே.

சாலையை அமைத்தவரையும் கேள்வி கேட்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்துள்ளது. 198ஏ பிரிவின்படி, வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் நிர்ணயித்த தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர், சுங்க உரிமம் பெற்ற நிறுவனம் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஓர் உயிருக்கு இத்தொகை அவமதிப்பு என்றே சொல்வோம். ஆயினும் இப்பிரிவு முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற்றால், சாலையின் வரைபடமும் பராமரிப்பு ஏடும் விசாரணைக்குள் வந்தே தீர வேண்டும். உயிரிழப்பு நிகழ்ந்த இடத்தின் சாலைப் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கை, விளக்குகளுக்கான ஒப்பந்தம், நடுத்திட்டு இடைவெளிக்கான ஒப்புதல் ஆகியவற்றின் நகலைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் திட்டச் செயலாக்க அலகிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாள்களில் பதில் வர வேண்டும்; விரிவான விபத்து அறிக்கைக்கான 90 நாள் முடிவதற்குள் அதை விசாரணை அதிகாரியிடம் மனுவோடு இணைத்துக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு பெற அவகாசம் இருக்கிறது.